உரைகல் தேடிய பொன்



ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 160 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 72.5 கிலோ. மிடில்வெயிட் பட்டத்துக்காக மோதுகிறவர் இதற்குமேல் ஒரு அவுன்ஸும் கூடியிருக்கக் கூடாது. 1923இல் ஹாரி கிரெப் பட்டம் வென்றபோது இதுதான் எல்லை. 1951இல் சுகர் ரே ராபின்சனுக்கும், 1970இல் கார்லோஸ் மொன்சோனுக்கும், 1980இல் மார்வின் ஹாக்லருக்கும் இதே எல்லைதான். 2017இல் கஜகஸ்தானின் கெனாடி கோலோவ்கின் லாஸ் வேகாஸில் தராசில் ஏறியபோதும் தாண்டக் கூடாத கோடு அங்கேயேதான் இருந்தது.

எல்லை மாறாமல் இருப்பதால்தான் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை வருகிறது. குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் சற்று நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஹாக்லரும் கோலோவ்கினும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?" இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன்.

பொன்னின் மாற்று அறிய உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறோம். குத்துச்சண்டைக்காரனுக்கு எதிரில் நிற்பவன்தான் உரைகல். கோலோவ்கின் மாற்றுக் குறையாத பொன். ஆனால் அவருக்கான உரைகல் மிகவும் பிந்தி வந்தது. பழைய மாவீரர்களுக்கும் அவருக்கும் இடையே நாம் காணும் தூரத்தில் பெரும்பகுதி அந்தத் தாமதத்தால் வந்தது என்பது என் துணிபு.

காலங்களை ஒப்பிடும்போது எங்கெல்லாம் கால் வழுக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

எடை மாறவில்லை என்றேன். அந்த எடையைப் பார்க்கும் நேரம் மாறிவிட்டது. ராபின்சன் காலத்தில் சண்டை நடக்கும் அன்றைக்கே எடை பார்ப்பார்கள். நீரை வற்றவைத்து எடை குறைத்தவர் அந்த வறட்சியோடு அன்றிரவே ரிங்கில் நிற்க வேண்டும். பின்னாளில் எடை பார்ப்பது முந்தின நாளுக்குப் போனது. இப்போது தராசிலிருந்து இறங்கியவர் ஒரு நாள் முழுக்க நீரும் உணவும் எடுத்து, பத்துப் பவுண்டோ அதற்கு மேலோ கூடி ரிங்கில் ஏறலாம். காகிதத்தில் 160 என்றாலும் மணி அடிக்கும்போது நிற்கும் உடம்பு வேறு.

அடுத்து ரவுண்டுகள். அன்று பட்டப் போட்டி என்றால் 15 ரவுண்டு. 1982 நவம்பர் 13 அன்று, லைட்வெயிட் பட்டத்துக்காக ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய இளைஞர் கிம் டுக்-கூ 14ஆவது ரவுண்டில் வீழ்ந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதன்பிறகு பட்டம் வழங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12 ரவுண்டுக்கு இறங்கின. சரியான முடிவுதான், ஓர் உயிரைக் கொடுத்தபிறகு அதைப் பற்றி வாதம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பழைய சாம்பியன்கள் தங்கள் முழு வலிமையைக் காட்டிய கடைசி ஒன்பது நிமிடம் இன்றைய சாம்பியனுக்குத் தரப்படவே இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்பதற்கு நம்மிடம் சாட்சியம் கிடையாது.

மூன்றாவது, சண்டைகளின் எண்ணிக்கை. கிரெப் ஏறத்தாழ 300 சண்டைகள் போட்டார். ராபின்சன் ஏறத்தாழ 200. மொன்சோன் 100. ஹாக்லர் 67. கோலோவ்கின் 45. ஒவ்வொரு தலைமுறையிலும் எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, இன்றைய வீரர்களுக்கு அனுபவம் போதாது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. கோலோவ்கின் தொழில்முறைக்கு வருமுன் அமெச்சூர் குத்துச்சண்டையில் 350 முறை ரிங் ஏறி ஐந்து முறை மட்டுமே தோற்றவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2003இல் உலக அமெச்சூர் சாம்பியன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. கிரெப் கூலிக்குச் சண்டை போட்டுக் கற்ற பாடத்தை இவர் சோவியத் மரபு விட்டுச்சென்ற பயிற்சிக் கூடங்களில் கற்றார். பள்ளிக்கூடம் வேறு, படிப்பு குறைவில்லை.

இனி ஒவ்வொருவராக வருவோம்.

ஹாரி கிரெப் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர். 'பிட்ஸ்பர்க் காற்றாலை' என்று அழைத்தார்கள். கைகள் நிற்காமல் சுழலும். தன்னைவிட உயரமான, எடை கூடிய ஆட்களை வலியத் தேடிப்போய் மோதினார். 1922 மே 23 அன்று நியூயார்க்கில் ஜீன் டன்னியை 15 ரவுண்டும் துரத்தித் துரத்தி அடித்து வென்றார். அதே டன்னி பிற்பாடு ஜாக் டெம்ப்ஸியை இரண்டு முறை வென்று ஹெவிவெயிட் சாம்பியனாக ஓய்வு பெற்றவர். டன்னியை வாழ்நாளில் வென்ற ஒரே மனிதர் 160 பவுண்டுக்காரர் ஒருவர்! அதிலும் தன் பட்டக் காலத்தில் கிரெப்புக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. 1926இல் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து 32 வயதில் இறந்தார். அவர் சண்டையிடும் படச்சுருள் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. பயிற்சி செய்யும் சில காட்சிகள் மட்டுமே உண்டு. எழுத்தில் வாழும் வீரர் அவர்.

ராபின்சன் அப்படியல்ல, பார்க்கக் கிடைக்கிறார். 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஜேக் லமோட்டாவை 13ஆவது ரவுண்டில் நிறுத்திப் பட்டம் எடுத்தார். அதன்பின் இழந்தும் மீட்டும், மொத்தம் ஐந்து முறை மிடில்வெயிட் சாம்பியன். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 1957 மே 1 அன்று நடந்த சண்டையை. எதிரே ஜீன் புல்மர். அதுவரை யாரும் நாக்அவுட் செய்யாத முரட்டு ஆள்; நான்கு மாதங்களுக்கு முன்புதான் ராபின்சனிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர். ராபின்சனுக்கு 36 வயது நிறைய இரண்டு நாள்தான் பாக்கி. ஐந்தாவது ரவுண்டில் பின்னால் நகர்ந்துகொண்டே ஒரு இடது ஹூக் விடுகிறார். முன்னேறி அடிக்கும்போதுதான் உடம்பின் பாரம் கைக்கு வரும் என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்லித் தருவார்கள். பின்வாங்கும் காலிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்த ஒரு அடியை அங்கே காணலாம். நடுவர் எண்ணி முடிக்கும்வரை புல்மர் எழவில்லை.

இந்த இடத்தில் பட்டப் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சார்லி பர்லி. கிரெப் பிறந்த பிட்ஸ்பர்க்கில் வாழ்ந்த கறுப்பின வீரர். பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஆர்ச்சி மூரை 1944இல் வென்றவர். இவ்வளவு திறமை இருந்தும் அவருக்குப் பட்டப் போட்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாம்பியன்கள் அவர் பக்கம் வரவில்லை. ராபின்சனும் அவரோடு மோதவில்லை. பர்லி கடைசியில் பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். அந்த நாட்கள் பொற்காலம் என்று நாம் பேசும்போது, உரைகல்லே காட்டப்படாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட பொன் அந்தக் காலத்திலும் இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மொன்சோன் அர்ஜென்டினாவின் சாண்டா பே மண்ணைச் சேர்ந்தவர். உயரமும் நீண்ட கைகளும் உள்ளவர். அவசரம் என்பதே இல்லாத சண்டை அவருடையது. தூரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார்; எதிராளி எப்போதும் ஒரு சாண் எட்டாத இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். 1970 நவம்பரில் ரோம் நகரத்தில், சொந்த மக்கள் முன்னிலையில் நின்ற நீனோ பென்வெனூட்டியை 12ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். 14 முறை பட்டத்தைக் காத்தார். 1964க்குப் பிறகு யாரிடமும் தோற்கவில்லை. 1977இல் ரோட்ரிகோ வால்டெஸ் அவரைத் தரையில் சாய்த்தபோது எழுந்து நின்று வென்று, அத்தோடு விலகினார்.

ஆனால் மொன்சோனைப் பற்றி இத்தோடு நிறுத்துவது நேர்மையாகாது. 1988இல் மார் டெல் பிளாட்டா நகரத்தில் அலீசியா முனீஸ் என்ற பெண் கொல்லப்பட்டார், மொன்சோனின் மனைவி. மறுஆண்டு நீதிமன்றம் மொன்சோனைக் குற்றவாளி என்று தீர்மானித்து 11 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1995இல் விடுப்பு முடிந்து சிறைக்குத் திரும்பும் வழியில் கார் விபத்தில் இறந்தார். ரிங்கில் அவர் செய்ததை நான் இங்கே அளக்கிறேன். அந்த அளவு எதுவும் அலீசியா முனீஸுக்கு நேர்ந்ததன் கனத்தைக் குறைக்காது. 'மாவீரர்' என்ற சொல்லை அவருக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்தே சொல்வது நம் கடமை.

இனி ஹாக்லர். கோலோவ்கினை அளக்க மிகப் பொருத்தமான மனிதர் இவர்தான். நியூவார்க்கில் பிறந்தவர். அந்நகரில் 1967இல் நடந்த கலவரத்துக்குப் பின் குடும்பம் மாசசூசெட்ஸின் பிராக்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெட்ரோனெலி சகோதரர்களின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தவர், கடைசிவரை அவர்களை விட்டுப் போகவில்லை. இடதுகை நிலையில் நின்று சண்டை போடுவார். நடுவே சட்டென்று வலதுகை நிலைக்கு மாறுவார். அப்படிப்பட்டவரோடு மோதினால் லாபம் குறைவு, ஆபத்து அதிகம். அதனால் ஆறு ஆண்டுக்கு மேல், ஏறத்தாழ ஐம்பது சண்டைகள் காத்திருந்தார். 1979இல் கிடைத்த முதல் பட்டப் போட்டியை நடுவர்கள் டிரா என்று முடித்தார்கள். 1980 செப்டம்பரில் லண்டன் வெம்பிளியில் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் நிறுத்தினார். கூட்டம் ரிங்கை நோக்கிப் பாட்டில்களை வீச, காவலர்கள் சூழ்ந்து அவரை வெளியே கொண்டுபோனார்கள். வாழ்நாள் கனவு நிறைவேறிய இரவில் அவருக்குப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூட இடம் இல்லை.

ஆனால் ஹாக்லருக்கு ஒரு பாக்கியம் வாய்த்தது. உரைகல் தேடி வந்தது. 1985 ஏப்ரல் 15, டாமி ஹெர்ன்ஸ். மொத்தம் 8 நிமிடம் 1 வினாடி. முதல் ரவுண்டிலேயே நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். மூன்றாவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தி மருத்துவரிடம் காயத்தைக் காட்டுகிறார். எந்த நொடியும் பட்டம் கைநழுவலாம் என்பது ஹாக்லருக்குத் தெரிகிறது. அடுத்த சில கணங்களில் ஹெர்ன்ஸைத் துரத்திப்போய் வீழ்த்துகிறார். அந்த எட்டு நிமிடம் மட்டும் இல்லையென்றால் ஹாக்லர் பன்னிரண்டு முறை பட்டத்தைக் காத்த நல்ல சாம்பியன் என்ற அளவில் நின்றிருப்பார். ஹெர்ன்ஸ்தான் அவரை ஹாக்லர் ஆக்கினார்.

இப்போது கோலோவ்கினிடம் வருவோம். காரகண்டா என்ற நிலக்கரி நகரத்தில் 1982இல் பிறந்தவர். தந்தை ரஷ்யர், சுரங்கத் தொழிலாளி. தாய் கொரிய வம்சாவளி. மூத்த அண்ணன்கள் இருவர்தான் அவரைக் குத்துச்சண்டைக்கு இழுத்துவந்தவர்கள். அந்த இருவருமே ராணுவப் பணியில் இருந்தபோது இறந்தார்கள். ஒரு சாவுச் செய்தி 1990இல், இன்னொன்று 1994இல் வீட்டுக்கு வந்தது.

அவருடைய சண்டையைப் பார்க்கிறவர்கள் நாக்அவுட்டைத்தான் பார்ப்பார்கள். 2008 முதல் 2016 வரை வரிசையாக 23 பேர் முழு நேரம் தாங்காமல் போனார்கள். நான் உங்களைக் கால்களைப் பார்க்கச் சொல்வேன். அவர் எதிராளியின் பின்னால் ஓடமாட்டார். அவன் போகப்போகும் திசையில் அரை அடி முன்கூட்டியே கால் வைப்பார். இரண்டு மூன்று நிமிடத்தில் அகன்ற ரிங் சுருங்கி ஒரு மூலையாகிவிடும். அதற்கு வேலி போடுவது இடது ஜாப். பெரும்பாலானவர்களுக்கு ஜாப் என்பது தூரம் பார்க்கும் கை. அவருடைய ஜாப்பே முகத்தை வீங்கவைக்கும். பிறகு விலாவில் ஒரு ஹூக். 2013இல் மாத்யூ மாக்லின் அந்த ஒரே விலா அடியில் மடிந்து விழுந்ததைப் பாருங்கள். அடுத்த ஆண்டு டேனியல் கீல் முழு பலத்தோடு விட்ட வலது கை கோலோவ்கினின் முகத்தில் இறங்கிய அதே கணத்தில், கோலோவ்கினின் வலது கை கீலைச் சாய்த்தது. தாடையில் வாங்கிக்கொண்டே அடித்தார். 45 தொழில்முறைச் சண்டைகளில் ஒருமுறைகூட அவர் தரையில் விழவில்லை.

அவர் பெயரில் உள்ள பெரிய எண் 20 பட்டக் காப்புகள். முந்தைய மிடில்வெயிட் சாம்பியன் பெர்னார்ட் ஹாப்கின்ஸின் சாதனைக்குச் சமம். அந்த எண்ணை மட்டும் வைத்து அவரை மொன்சோனுக்கும் ஹாக்லருக்கும் மேலே வைக்க நான் தயாரில்லை. நான்கு அமைப்புகள் தனித்தனிப் பெல்ட் கொடுக்கும் காலம் இது. 2010இல் கோலோவ்கின் கணக்கு தொடங்கியபோது அதே அமைப்பிலேயே அவருக்கு மேல் இன்னொரு சாம்பியனும் இருந்தார். அந்த இருபதில் பலர் அவரை உரசிப் பார்க்கும் அளவுக்குக் கடினமான கல் அல்ல.

அது அவர் குற்றமா என்பதுதான் கேள்வி. 2010 முதல் 2014 வரை மிடில்வெயிட் அரியணையில் இருந்த செர்ஜியோ மார்டினெஸ் அவரோடு மோதவில்லை. மார்டினெஸை வென்ற மிகேல் கோட்டோவும் மோதவில்லை. கோட்டோவை வென்ற கானெலோ ஆல்வரெஸ் 2016இல் கோலோவ்கினோடு மோதும் கட்டாயம் வந்தபோது பெல்ட்டையே விட்டுக்கொடுத்தார். கடைசியில் 2017 செப்டம்பர் 16 அன்று அந்தச் சண்டை நடந்தபோது கானெலோவுக்கு 27 வயது; கோலோவ்கினுக்கு 35. ஹாக்லருக்கு ஹெர்ன்ஸ் வந்தது முப்பது வயதில். இவருக்கு ஐந்தாண்டு பிந்தி வந்தது. குத்துச்சண்டையில் ஐந்தாண்டு என்பது பாதி ஆயுள்.

அன்றிரவு நடந்ததை ஹாக்லரோடு சேர்த்துச் சொல்கிறேன். இந்த இரண்டு மனிதர்களையும் ஒரே நூலில் கோர்ப்பது ஒரு மதிப்பெண் சீட்டு.

ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. பன்னிரண்டு ரவுண்டில் 118-110 என்றால், பத்து ரவுண்டு ஒருவருக்கு, இரண்டே ரவுண்டு மற்றவருக்கு. 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். ஹாக்லரும் சுகர் ரே லெனார்டும் மோதினார்கள். ஒரு நடுவர் 115-113 ஹாக்லர் என்றார். டேவ் மொரெட்டி என்ற நடுவர் 115-113 லெனார்ட் என்றார். மூன்றாமவர் 118-110 லெனார்ட் என்றார். முப்பதாண்டு கழித்து, அதே ஊர். கானெலோவைவிடக் கோலோவ்கின் அதிக அடிகள் வைத்ததாகக் கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள், 218க்கு 169. அன்றும் நடுவர் வரிசையில் அதே டேவ் மொரெட்டி இருந்தார். அவர் 115-113 கோலோவ்கின் என்றார். இன்னொருவர் 114-114. மூன்றாமவர் 118-110 கானெலோ. சண்டை டிரா ஆனது.

பல ரவுண்டுகள் இழுபறியாகப் போன இரண்டு சண்டைகளிலும், ஒரே எண், முன்னால் நடந்து வந்த மனிதருக்கு எதிராக எழுதப்பட்டது. ரிங்குக்கு வெளியே இருந்து வரும் அடிக்குத் தடுப்பு கிடையாது.

அதன்பிறகு இருவரும் வெவ்வேறு வழியில் போனார்கள். ஹாக்லர் மறுபடி ரிங் ஏறவே இல்லை. இத்தாலிக்குப் போனார், படங்களில் நடித்தார். 2021இல் இறக்கும்வரை அந்த முடிவில் நின்றார். கோலோவ்கின் திரும்பி வந்தார். மறுஆண்டு அதே எதிராளி, அதே ஊர். ஒரு நடுவர் சமம் என்றார். மற்ற இருவரும் கானெலோவுக்கு 115-113 எழுதினார்கள். 2022இல், 40 வயதில், 168 பவுண்டு எடைக்கு ஏறிப்போய் மூன்றாம் முறையும் மோதித் தோற்றார். ஹாக்லரின் விலகலில் ஒரு மானம் இருக்கிறது. கோலோவ்கினின் வருகையிலும் குறையாத மானம் இருக்கிறது. உரைகல் பிந்தி வந்தாலும் அதிலிருந்து விலகாமல் தேய்ந்து காட்டியவர் அவர்.

சரி, வரிசை என்ன? முதல் வரிசையில் கிரெப்பும் ராபின்சனும். தங்களைவிடப் பெரியவர்களையும் தங்கள் காலத்தின் சிறந்தவர்களையும் திரும்பத் திரும்பச் சந்தித்தவர்கள் அவர்கள். இரண்டாம் வரிசையில் மொன்சோனும் ஹாக்லரும். மூன்றாம் வரிசையில் ஹாப்கின்ஸோடு கோலோவ்கின். நேருக்கு நேர் மோதியிருந்தால்? மொன்சோனின் நீண்ட கைகளும் ராபின்சனின் கால்களும் கோலோவ்கினை அடிக்கும் தூரத்துக்கு வர விட்டிருக்க மாட்டா. ஹாக்லரோடு 12 ரவுண்டு என்றால் என்னால் சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம். 15 என்றால் ஹாக்லர். மூன்றாம் வரிசை என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். நூறாண்டு வரலாற்றில் அந்த வரிசையை எட்டியவர்கள் மிகச் சிலர்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிரெப்பை அறிய நமக்குச் செய்தித்தாள் எழுத்துதான் உண்டு. பர்லிக்குக் கிடைக்காத வாய்ப்பைப் படம்பிடிக்க எந்தக் கேமராவாலும் முடியாது. கோலோவ்கினின் 36 கானெலோ ரவுண்டுகளும் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்குப் போய் 2017 சண்டையைப் போட்டு, வர்ணனையாளரின் குரலை அணைத்துவிட்டு, ஒரு தாளில் ரவுண்டு ரவுண்டாக எழுதுங்கள். இன்னொரு நாள் 1987 சண்டைக்கும் அப்படியே செய்யுங்கள். என் தாளில் முதலாவது 115-113 கோலோவ்கின். இரண்டாவதை மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை ஹாக்லர், ஒரு முறை லெனார்ட். உங்கள் தாளில் வேறு எண் வரலாம். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.